உன் சோதனை தோற்ற நாள்

மகன்,

பலரும் வாசிக்கும்படி இதை எழுதுகிறேன் என்று கோவிக்காதே. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். படிப்பித்தலைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று என்னிடமும் கேட்டார்கள். வாழ்நாள் முழுக்கக் கணிதம் படிப்பித்தவளுக்கு எழுத எத்தனையோ இருக்கும் என்று நினைத்துத்தான் பேனையை எடுத்தேன். எடுத்த பிறகு பார்த்தால், எனக்குச் சொல்ல இருப்பது உன்னைப் பற்றிய ஒரு கதைதான். நேரில் தொடங்கினால் நீ, "சரியம்மா, தேத்தண்ணி போடட்டா?" என்று கதையை மாற்றிவிடுவாய். இப்போது நீ கடல் தாண்டிப் போய்விட்டாய். இடையில் மறிக்க உன்னால் முடியாது. அதனால் ஆறுதலாகச் சொல்லப்போகிறேன்.

நீ சின்னவனாக இருந்தபோது தவணைப் பரீட்சை முடிந்தால் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசை எனக்கே சொந்தம். விடைத்தாள் கட்டுகள் மேசை நிறையக் கிடக்கும். நீயும் அப்பாவும் பாயில் இருந்து சாப்பிடுவீர்கள். ஒருநாள் நீ என் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, சாப்பாட்டுக்கு முதல் திருத்தின தாளுக்கெல்லாம் புள்ளி குறைவு. சாப்பிட்டாப் பிறகு கூட" என்றாய். கெட்டிக்காரப் பிள்ளைகளின் தாள்கள் அடியில் இருந்திருக்கும் என்று சொல்லிச் சிரித்தேன். நீ நம்பவில்லை. அடுத்த தவணையில் நான் குசினிக்குள் நின்ற நேரம் பார்த்துக் கட்டைக் கலைத்து, மாற்றி அடுக்கி வைத்திருந்தாய். அந்தத் தடவையும் நீ சொன்னபடிதான் வந்தது. அன்று உனக்கு ஏசினேன். ஆனால் அதற்குப் பிறகு பசியோடு ஒரு தாளையும் நான் திருத்தியதில்லை. அன்றைக்கு நீ செய்ததும் ஒரு சோதனைதான் என்று எனக்கு விளங்க எவ்வளவோ காலம் எடுத்தது.

படித்து முடித்து, தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்த முதல் வருடமே நீ அந்த இயந்திரத்தைச் செய்யத் தொடங்கினாய். இயந்திரம் என்று நான்தான் சொல்கிறேன். அது கணினிக்குள் ஓடும் ஒரு புரோகிராம்தான், தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை என்று நீ எத்தனை தரம் சொல்லியும் என் வாயில் வருவது இந்தச் சொல்தான். பிள்ளைகளுக்கு ஒப்படை ஒன்று கொடுப்பாய். அவர்கள் புரோகிராம் எழுதி அனுப்புவார்கள். உன் இயந்திரம் அதை வாங்கி ஓடவிட்டு, சில எண்களைக் கொடுத்து, இதற்கு என்ன விடை என்று கேட்கும். வருகிற விடையைத் தன்னிடம் இருக்கும் விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துவந்தால் பச்சை, ஒத்துவராவிட்டால் சிவப்பு. அவ்வளவுதான் வேலை என்று நீ சாதாரணமாகச் சொன்னாய்.

எனக்கு அது சாதாரணமாகத் தெரியவில்லை. ஒப்படை ஒன்றின் கடைசி நாள் பின்னேரம், வாவிப் பக்கத்து யன்னலைத் திறந்துவிட்டு உன் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்த்தேன். திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. சிவப்பு, சிவப்பு, பச்சை, திரும்பவும் சிவப்பு. எங்கேயோ இருக்கிற ஒரு பிள்ளை அனுப்புகிறது, நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் அதற்குப் பதில் போய்விடுகிறது. அதே பிள்ளை கொஞ்சம் திருத்தித் திரும்ப அனுப்புகிறது. திரும்பவும் பதில். என் வகுப்பில் ஒரு பிள்ளை பிழையான விடை சொன்னால் முதலில் மற்றப் பிள்ளைகளின் சிரிப்பைக் கேட்க வேண்டும். பிறகு என் முகத்தைப் பார்க்க வேண்டும். இங்கே சிரிப்பும் இல்லை, முகமும் இல்லை. ஒரு பிள்ளை எத்தனை முறை பிழைவிட்டாலும், வெட்கப்படாமல் திரும்ப வரலாம். இப்படி ஒரு வகுப்பு உலகத்தில் இருக்க முடியும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

"இது ஆர் மனே, திரும்பத் திரும்ப அனுப்புற பிள்ளை?" என்று கேட்டேன்.

"தெரியாம்மா. இலக்கம் மட்டுந்தான் வரும்."

"பேர் இல்லையா?"

"என்னத்துக்கும்மா பேர்? எழுதினது போதும்."

நம் ஊரில் ஒரு பிள்ளையின் பெயரைக் கேட்ட கையோடு எந்த ஊர், ஆருடைய பிள்ளை, கோயிலுக்குப் போகிறதா, சேர்ச்சுக்கா, பள்ளிவாசலுக்கா என்று கேட்டு முடித்துவிடுவோம். நானும் அப்படிக் கேட்டவள்தான். பழுகாமத்துப் பிள்ளையும் டவுன் பிள்ளையும் காத்தான்குடிப் பிள்ளையும் உன் இயந்திரத்துக்கு முன்னால் ஒரே மாதிரி நின்றார்கள். அன்று ஜெபம் பண்ணும்போது எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. என் பிள்ளையின் கையால் இப்படி ஒன்று நடக்கிறதே, ஆண்டவரே என்று மட்டும் சொன்னேன்.

உனக்கும் பெருமைதான். அதிலே பிழை இல்லை. ஆனால் அந்தப் பெருமையில் வகுப்பிலே ஒரு வசனம் சொல்லப் பழகியிருந்தாய். "மெசின் பிழை விடாது. சிவப்பு வந்தா உங்கட புரோகிராமைத் திரும்பப் பாருங்க." வீட்டிலும் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

சில வருடங்கள் இப்படிப் போன பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சேர்ச்சால் வந்து நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். படலையடியில் ஒரு பையன், அஸ்லம், உன் முதலாம் வருட மாணவன், கையிலே மடித்த தாளோடு நின்றான். உள்ளே கூப்பிட்டும் கதிரை நுனியில்தான் இருந்தான்.

"சேர், கோவிக்காதீங்க. அந்த நீர்மட்ட ஒப்படை. நான் கையால எண்ணிப் பாத்துட்டன். ஒங்கட விடைதான் பிழையோ எண்டு..."

அந்த ஒப்படை எனக்கும் தெரியும். மாரியில் வாவியின் நீர்மட்டத்தை ஒவ்வொரு நாளும் அளந்து எழுதிய பட்டியல் ஒன்று இருக்கும். இடைவிடாமல் தண்ணீர் ஏறிய நாள்களில் மிக நீண்ட தொடர் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். வாவி நிரம்பினால் வெள்ளம் கடலுக்கு வடிய முகத்துவாரம் வெட்டுவதைப் பற்றி நாங்கள் வீட்டில் கதைத்துக்கொண்டிருந்தபோதுதான் அது உனக்குத் தோன்றியது. முந்தைய வருடங்களில், சிவப்பு வந்தால் எந்த எண்களில் தோற்றது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் வைத்திருந்தாய். காட்டினால் அந்த எண்களுக்கு மட்டும் விடை எழுதி ஏமாற்றுவார்கள் என்பது உன் பயம். அந்த வருடம்தான் காட்டத் தொடங்கியிருந்தாய். அதனால்தான் அஸ்லமால் கையால் எண்ணிப் பார்க்க முடிந்தது.

நீ தாளை வாங்கி விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்கொண்டு போனாய். கடைசி எண்ணில் விரல் நின்றுவிட்டது.

"கடைசி நாளும் தண்ணி ஏறிக்கிட்டுத்தான் சேர் இரிக்கு," என்றான் அஸ்லம். "அந்தக் கடைசி ஏத்தத்தை மெசின் எண்ணவே இல்ல."

பிறகு நீ எனக்கு விளங்கப்படுத்தினாய். சரியான விடை எது என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தது நீ எழுதிய மாதிரிப் புரோகிராம். தண்ணீர் இறங்கும்போதுதான் அது அதுவரை ஏறிய நாள்களைக் கூட்டிப் பார்க்கும். இறங்காமலே பட்டியல் முடிந்துவிட்டால் கடைசி ஏற்றத்தை அப்படியே விட்டுவிடும். வகுப்பிலே கரும்பலகையில் நீ காட்டிய வழியும் அதுதான். உன்னைப் பார்த்து எழுதிய பிள்ளைகள் எல்லாரும் உன் பிழையையும் சேர்த்தே எழுதினார்கள். அவர்களுக்குப் பச்சை. தன் புத்தியில் யோசித்துச் சரியாக எழுதிய பிள்ளைக்குத்தான் சிவப்பு.

அஸ்லமின் முதுகில் தட்டி, "கெட்டிக்காரன்" என்று அனுப்பிவைத்தாய். சாப்பிட வரவில்லை. மாதிரிப் புரோகிராமைத் திருத்தினாய். முந்தைய வருடங்களில் பிள்ளைகள் அனுப்பியது எல்லாம் ஒன்றுவிடாமல் சேமிப்பில் இருக்கிறது, எல்லாவற்றையும் திரும்பச் சோதிக்கப்போகிறேன் என்றாய். என் காலத்து விடைத்தாள்களைக் கறையான் தின்றுவிட்டது. திரும்பத் திருத்து என்று ஆண்டவரே வந்து கேட்டாலும் என்னால் முடியாது. நீயோ ஒரு விசையைத் தட்டினாய். நான் ஆறிப்போன சோற்றை மூடிவைத்துவிட்டு வருவதற்குள் இத்தனை வருடப் பிள்ளைகளும் உன் திரையில் திரும்ப எழுந்து நின்றார்கள். பச்சையாக இருந்தவை வரிசை வரிசையாகச் சிவப்பாகிவிட்டன. சிவப்பாகக் கிடந்தவற்றில் சில பச்சையாகின. நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அதை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

பச்சையாக மாறியவர்களின் இலக்கங்களுக்குப் பின்னால் இருந்த பெயர்களை அன்றுதான் நீ முதன்முதலாகத் தேடினாய். பலர் எப்படியோ வேறு வழியில் சமாளித்துப் பாஸாகியிருந்தார்கள். ஒருத்தியின் பெயர் வந்ததும் நீ லப்டொப்பை மூடிவிட்டாய். திலக்சனா. வாகரைப் பக்கம், மீன்பிடிக் குடும்பம். அவள் ஒருநாள் உன் அறைக்கு வந்து, "சேர், இதில என்ன பிழை எண்டு விளங்கல்ல" என்று கேட்டிருக்கிறாள். நீ நிமிர்ந்துகூடப் பார்க்காமல் உன் வசனத்தைச் சொல்லியிருக்கிறாய். அடுத்த தவணைக்கு அவள் வரவில்லை. படிப்பை விட்டுவிட்டு பாசிக்குடாக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று கூடப்படித்த பிள்ளைகள் சொன்னார்கள்.

"மனே, அவள் படிப்ப நிப்பாட்டினதுக்கு வேற காரணமும் இருக்கும்," என்றேன்.

"இருக்கும்மா. ஆனா இது ஒண்டு."

மறுநாள் துறைத்தலைவரிடம் போனாய். அவர் கெட்ட மனிதர் இல்லை. "பாஸான பிள்ளைகள் பாஸாகிப் போயிட்டாங்க. நீர் இன்னும் நிரந்தரமாகவும் இல்ல. நேர்முகம் வருது. சும்மா கிடக்கிறத ஏன் கிளறுறீர்?" என்று கேட்டாராம். நீ வந்து சொன்னபோது உன் தட்டில் சோறு போட்டேன். உள்ளுக்குள்ளே அவர் சொன்னதுதான் எனக்கும் சரியாகப் பட்டது. உன் வேலை உறுதியாகட்டும் என்றுதானே ஒரு தாய் நினைப்பாள். இரண்டு நாள் போனது. பிறகு மேசையில் இருந்து ஒரு கடிதம் எழுதினாய். பிழை என்னுடையது, சோதனை தவறானது, பாஸானவர்களின் புள்ளியில் கை வைக்க வேண்டாம், என்னால் சிவப்பு வாங்கியவர்களுக்கு அவர்களுடைய புள்ளியைக் கொடுங்கள் என்று நிர்வாகத்துக்கு ஒரு பிரதி, பழைய மாணவர்கள் எல்லாருக்கும் ஒரு பிரதி. திலக்சனாவுக்கு மட்டும் அனுப்பவில்லை. நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்றாய்.

நானும் வருகிறேன் என்றேன். ஒரு இளம் விரிவுரையாளன் தனியாகப் போய் ஹோட்டல் வாசலில் நின்று ஒரு குமர்ப்பிள்ளையைக் கேட்டால் என்ன கதை எழும்பும் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. இந்த வயதில் உன் மோட்டார் சைக்கிளில் ஏறி, கிரான் வட்டைகளின் வயற்பச்சை இரு பக்கமும் விரிந்து கிடக்க, உன் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

வேலைக்காரர் போய்வரும் பின்வாசலில் காத்து நின்றோம். சீருடையும் இறுக்கிக் கட்டிய கொண்டையுமாக அவள் வந்தாள். உன்னைக் கண்டதும் முகம் வெளிறிப்போனது.

"சேர், நான் லைப்ரரிப் புத்தகம் ஏதும் குடுக்காம விட்டுட்டனா?"

"இல்ல தங்கச்சி. அந்த நீர்மட்ட ஒப்படை நினைவிருக்கா?"

"அத மறப்பனா, சேர்?"

"நீங்க எழுதினது சரி. நான் வச்ச சோதனைதான் பிழை."

அவள் உன்னைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சந்தோசப்படுவாள், அல்லது அழுவாள், அல்லது ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"எது சேர்? முதல் அனுப்பினதா, கடைசியா அனுப்பினதா?"

"முதல் அனுப்பினது."

அவள் மதிலில் கையை ஊன்றிக்கொண்டாள். "அது சரி எண்டு எனக்குத் தெரியும் சேர். அனுப்பக்குள்ள தெரியும். சிவப்பு வந்தோன்ன மாத்தி மாத்தி அனுப்பி, அனுப்பித்தான்... பிறகு தெரியாமப் போச்சு."

மகன், அந்த வார்த்தையைக் கேட்டபோது உன் கண் நிறைந்ததை நான் பார்த்தேன். தனக்குத் தெரிந்த ஒன்று தெரியாமல் போகும்வரை ஒரு பிள்ளை தன் சரியைத் தானே கிழித்துக் கிழித்து எறிந்திருக்கிறது. அவளைத் தடுக்க அந்த நேரம் அங்கே ஒரு மனிதரும் இல்லை. வெட்கமில்லாமல் பிழைவிடலாம் என்று நான் வியந்த அதே வகுப்பறையில், தன் விடை சரி என்று சொல்லத்தான் அவளுக்கு இடம் இருக்கவில்லை.

"நீங்க அண்டைக்கு, மெசின் பிழை விடாது எண்டீங்க," என்றாள். குரலில் கோபம் இல்லை.

"ஓம். சொன்னனான். அது பிழை. மன்னிச்சுக்கங்க."

"எங்க பிழைச்சது எண்டு காட்டுங்க பாப்பம்," என்றாள். நீ மதில் மேல் லப்டொப்பை விரித்தாய். அவள் சீருடைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குனிந்தாள். அந்த நிமிடத்திலிருந்து அங்கே ஹோட்டலும் இல்லை, நானும் இல்லை. நீ சொல்லச் சொல்ல அவள் "ஓம், ஓம்" என்று தலையாட்டினாள். பிறகு, "சேர், ஒரு நாளுமே தண்ணி ஏறாட்டி என்ன வரும்? அதுக்கு ஒரு சோதனை இல்லையே" என்றாள். நீ திரையைப் பார்த்தாய், அவளைப் பார்த்தாய், வாய்விட்டுச் சிரித்தாய். அந்த வாரத்தில் நீ சிரித்தது அதுதான் முதல் தடவை. அவள் சொல்லச் சொல்ல நீ அந்தச் சோதனையை அங்கேயே சேர்த்தாய்.

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். போகப் புறப்பட்டவள் திரும்பி என்னிடம் கேட்டாள்: "அம்மா, மற்றாக்களுக்கும் சொல்லிட்டாங்களா?"

"எல்லாருக்கும் சொல்லிட்டான் மகள்," என்றேன்.

அவள் உடனே ஓடிவந்து சேர்ந்துவிட்டாள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. வெள்ளைக்காரர் வரும் காலம் முடியட்டும் என்றாள். பிறகு தம்பியின் படிப்புச் செலவைச் சொன்னாள். அடுத்த வருடம்தான் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுடைய புள்ளி அவளுக்குக் கிடைத்தது. இப்போது கடைசி வருடம் படிக்கிறாள். உனக்கு நிரந்தர நியமனம் அந்த முறை கிடைக்கவில்லை. இதனால்தான் என்று யாரும் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. கிடைக்காதபடியால்தான் வெளியே விண்ணப்பித்தாய், இன்று இத்தனை தூரம் போயிருக்கிறாய். இதை நன்மை என்பதா, இழப்பு என்பதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உன் அறைப்பக்கம் போகும் நேரங்களில் இழப்பு என்றுதான் தோன்றுகிறது.

பாசிக்குடாவால் வந்த கிழமை நீ அந்த இயந்திரத்தில் ஒரு பொத்தான் வைத்தாய். சிவப்பு வரும்போதெல்லாம் அதன் கீழே, "இந்தச் சோதனை பிழை என்று நினைக்கிறேன்" என்று இருக்கும். அதை அழுத்திக் காரணம் எழுதினால் நேரே உன் கைபேசிக்கு வரும். இனிப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் அழுத்தித் தொல்லை தருவார்கள் என்று மற்ற விரிவுரையாளர்கள் சிரித்தார்களாம். தந்தார்கள்தான். சாப்பிடும்போது வந்தது, சேர்ச்சில் பாட்டுப் பாடும்போது வந்தது. அநேகமாக எல்லாம் பிள்ளைகளின் பிழைதான் என்று நீயே சொல்வாய்.

இப்போது நீ போயிருக்கும் இடத்தில், உலகம் முழுக்க இருக்கிற பிள்ளைகளுடைய புரோகிராம்களைச் சோதிக்கும் வேலை என்கிறாய். எத்தனை பேர் என்று கேட்டேன். நீ சொன்ன எண்ணை என்னால் மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. நம் வாவியில் எத்தனை மீன் என்று கேட்டதுபோல இருந்தது. உன் இயந்திரத்தைக் கண்டு நான் அன்று வியந்தது பொய் இல்லை, இன்றும் வியக்கிறேன். அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரு நொடியில், முகம் பார்க்காமல் பதில் சொல்லும் ஒன்றை மனிதப் பிள்ளைகள் செய்துவைத்திருக்கிறீர்கள். அதைக் கும்பிடாத குறைதான். ஆனால் புத்தி சொல்லாமல் கடிதத்தை முடித்தால் நான் உன் அம்மா இல்லை. அங்கே கூட்டம் கூடிக் கதைக்கும்போது, இத்தனை கோடியில் ஒன்றிரண்டு பிழைத்தால் என்ன என்று யாராவது சொல்வார்கள். அப்படிச் சொல்பவரும் கெட்ட மனிதராக இருக்க மாட்டார். அந்த ஒன்றிரண்டுக்கும் ஒரு பெயர் இருக்கும், மகன். மதிலில் கையூன்றி நின்ற ஒரு பிள்ளையின் முகத்தை நீ பார்த்திருக்கிறாய். உன்னோடு இருக்கிறவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கும் நீதான் சொல்ல வேண்டும்.

நீ புறப்பட்ட காலையை நினைக்கிறேன். மட்டக்களப்பு ஸ்டேசனில் ரயில் வந்து நின்றுவிட்டது. விமான நிலையம் வரை உன்னோடு வர இருந்த அப்பா பெட்டிகளை ஏற்றிவிட்டு உன் இருக்கையில் துண்டைப் போட்டு இடம் பிடித்துக்கொண்டு இருந்தார். உன் தோளில் கைவைத்து ஜெபம் பண்ண வேண்டும் என்று நான் நின்றேன். அந்த நேரம் பார்த்து உன் கைபேசி ஒலித்தது. பொத்தான்தான். முதலாம் வருடப் பிள்ளை ஒன்று நீளமாக எழுதியிருந்தது. நீ பிளாட்பார வாங்கில் இருந்து, லப்டொப்பை மடியில் விரித்து, அந்தப் பிள்ளையின் புரோகிராமை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாய். கார்ட் கொடியைக் கையில் எடுத்துவிட்டார். அப்பா யன்னலால் தலையை நீட்டிக் கத்தினார். நீ அசையவில்லை. கடைசி வரி வரை வாசித்து, இரண்டு தரம் ஓடவிட்டுப் பார்த்து, பதில் எழுதி அனுப்பிவிட்டுத்தான் எழும்பினாய்.

"என்ன மனே, உன்ட பிழையா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. பிள்ளையிட பிழைதான். சோதனை சரி."

"அப்ப என்னத்துக்கு இவ்வளவு நேரம்? ரயில் போகப் பாத்துதே!"

நீ படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாய்.

"அது பிள்ளையிட பிழை எண்டு, வாசிச்சு முடிஞ்சாப் பிறகுதானேம்மா எனக்குத் தெரியும்."

ரயில் வெளிக்கிட்டுவிட்டது. நான் ஜெபம் பண்ணவில்லை. அதற்கு மேல் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உன்
அம்மா